படகோட்டி முவாங்கலாவும் அம்மாவின் தகர பேசினும்

கசானே படகுத்துறையில் முவாங்கலாவைப் பற்றிக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். "யாரு, அந்தப் பேசின்காரி மகளா?" என்பார்கள். சோபே ஆற்றில் சுற்றுலாப் படகு ஓட்டும் பெண்கள் அதிகம் இல்லை. அவர்களிலும் யானைக் கூட்டத்துக்கு அருகே படகை நிறுத்தி, அதுகளுக்கு எரிச்சல் மூட்டாமல் ஆட்களுக்குக் காட்டித் திருப்பிக் கொண்டுவரத் தெரிந்தவள் அவள். பெயர் மட்டும் அம்மாவின் அகலமான தகர பேசினிலிருந்து வந்தது. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?

அம்மா லிசேலி இருப்பது அக்கரையில், கசிக்கா கிராமத்தில். அக்கரை நமீபியா, இக்கரை போட்ஸ்வானா. யானைக்கு இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. பகலில் இக்கரைக் காட்டில் கிடந்துவிட்டு, வெயில் தாழ்ந்ததும் நீந்தி நடுத்தீவுக்குப் போகும். தீவுப் புல் அலுத்துவிட்டால் ஆற்றின் அடுத்த கிளையையும் தாண்டிக் கசிக்காவின் சோளத்தில் இறங்கும். படகில் வருகிறவர்கள் முதல் பாதியைப் பார்த்துக் கைதட்டிவிட்டு விடுதிக்குப் போய்விடுவார்கள். மறுபாதியைப் பார்ப்பது லிசேலி மாதிரி ஆட்கள்தான்.

முவாங்கலாவின் அப்பா மாசுலேயைக் கொன்றதும் அப்படி வயலுக்கு வந்த யானைதான். கசிக்காவில் யானை விரட்டுவது என்றால் தகர பேசினைத் தட்டுவது. அன்றைக்குப் பேசின் வீட்டில் இல்லை. பக்கத்து வீட்டுச் சாவுக்குக் களி கிண்ட வேண்டும் என்று கேட்டார்கள். லிசேலி இரவல் கொடுத்திருந்தாள். மாசுலே வெறுங்கையைத் தட்டிக்கொண்டு வயலுக்குள் இறங்கினார். மறுநாள் பேசின் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. அதற்கப்புறம் லிசேலி அதை விட்டுப் பிரிந்ததே இல்லை. சர்ச்சுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் தலையில் பேசினோடுதான் போவாள். கேலி பேசியவர்கள் பேசி அலுத்துப்போனார்கள்.

முவாங்கலா பள்ளி முடித்ததும் கசானேவுக்கு வந்துவிட்டாள். விடுதியில் போர்வை துவைத்தாள், படகு கழுவினாள், கடைசியில் தேர்வு எழுதி உரிமம் வாங்கினாள். செய்தி கேட்டு அம்மா சொன்னது ஒன்றுதான்.

"உங்கப்பன கொன்னதுங்களுக்குப் பல்லக்கு தூக்கப் போறியா? போ."

அந்தச் சம்பளத்தில் வாங்கிய மாவைத்தான் லிசேலி மூன்று வருஷமாகத் தின்கிறாள். மூன்று வருஷமாக விளைந்ததை யானை தின்றுவிட்டது. மகள் அனுப்பும் மாவைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வந்ததில்லை. கல் கடிக்குது என்பாள். சொல்லிக்கொண்டே தட்டை வழித்து நக்குவாள்.

இந்த மே மாதம் என்னவோ சோளம் யானைக்குத் தப்பி நின்றுவிட்டது. மற்ற வயல்கள் எல்லாம் அறுத்து முடிந்து, காவலுக்கு ஆளில்லாமல், பிந்தி விதைத்த லிசேலியின் வயல் மட்டும் தனியாகக் கதிர் சாய்ந்து நின்றது. மறுநாள் அறுப்பு. சாக்கு வாங்க அவள் கசானேவுக்கு வந்தாள். வாங்கிய சாக்குகளைப் பேசினுக்குள் மடித்து வைத்துக்கொண்டு, ஊருக்குப் போகும் தோணிக்காகத் துறையில் வெயிலில் உட்கார்ந்திருந்தாள்.

படகு முதலாளி செபினா கெட்டவர் இல்லை, கொஞ்சம் வாய்தான் அதிகம்.

"ஏம்மா இப்படிக் காயறீங்க? படகுல ஒரு எடம் சும்மா கெடக்கு. மக என்ன வேல பாக்குறான்னு ஒரு தடவ பாத்துட்டு வாங்களேன்."

"தெரியுமே. யானை வந்தா வழி விடுறா."

"டிக்கெட் வேணாம்மா."

"கேட்டாலும் குடுக்கப் போறதில்ல" என்று சொல்லிக்கொண்டே லிசேலி ஏறிவிட்டாள்.

முவாங்கலா பேசினை வாங்கக் கை நீட்டினாள். "பேசின இங்கயே வச்சுட்டு வாம்மா. நான் பாத்துக்கச் சொல்றேன்."

"எதுக்கு? எவனுக்காவது இரவல் குடுக்கவா?"

முவாங்கலா படகின் கயிற்றை அவிழ்த்தாள்.

கூரை போட்ட தட்டைப் படகு அது. வெளிநாட்டுக்காரர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் நாற்காலிகளில் இருந்தார்கள். முன்வரிசையில் முழங்கை நீளக் கேமராவோடு ஒருவர். லிசேலி கடைசியில், மடியில் பேசினோடு. நீர்யானை வாய் திறந்தது, முதலை வாய் திறந்தது. முவாங்கலாவும் வாயை மூடாமல் ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டே வந்தாள்.

"என்னடி, ஓயாம அவங்ககிட்ட பேசிட்டே வர்ற?"

"அது என்ன செய்யுது, ஏன் செய்யுதுன்னு சொல்றேன்மா."

"ஏன், அவங்களுக்குக் கண்ணு இல்லையா?"

தீவை நெருங்கும்போது இக்கரைப் புதரை விலக்கிக்கொண்டு யானைகள் வந்தன. முன்னால் ஒரு பெரிய பெண் யானை, பின்னால் அக்கா தங்கைகள், நடுவே குட்டிகள். தயங்காமல் ஒன்றன்பின் ஒன்றாகத் தண்ணீரில் இறங்கின. முவாங்கலா தூரத்திலேயே என்ஜினை அணைத்தாள். நீந்தும் கூட்டத்துக்குக் குறுக்கே போகக் கூடாது, சத்தம் கூடாது. அந்த ஆற்றில் மீறக் கூடாத சட்டம் அது.

ஆனால் மே மாதச் சோபேயை நம்ப முடியாது. கீழே அது போய்ச் சேரும் சாம்பேசி ஆற்றின் வெள்ளம் எதிர்த்துத் தள்ளும்போது ஆறு வந்த வழியே திரும்பிப் போகும். நீரோட்டம் படகை விலக்கிக்கொண்டு போகும் என்று நினைத்து முவாங்கலா நிறுத்திய இடத்தில் அது எதிர்ப்பக்கம் இழுத்தது. படகு சத்தமில்லாமல் கூட்டத்தை நோக்கி நகர ஆரம்பித்தது. கொஞ்சம்தான், சமாளித்துவிடலாம் என்று நினைத்தாள்.

"இதுங்க எங்க போவுதுன்னு தெரியுதா?" என்றாள் லிசேலி.

"தீவுக்கும்மா."

"தீவுல என்ன இருக்கு? மொட்டையா மேஞ்சு கெடக்கு. நம்ம வயலுக்குடி. நம்ம வயல் ஒண்ணுதான் நிக்குது."

அம்மா சொன்னது உண்மை என்று முவாங்கலாவுக்குத் தெரியும். கேமராக்காரர் திரும்பி, அந்த அம்மா என்ன சொல்கிறார் என்று கேட்டார். யானைகள் ரொம்ப அழகு என்கிறார் என்றாள் முவாங்கலா. அவர் சந்தோஷமாகத் தலையாட்டினார்.

அப்போதுதான் பேசின் அலறியது.

லிசேலி எழுந்து நின்று, சாக்குகளைக் காலடியில் கொட்டிவிட்டு, பேசினுக்குள் கிடந்த களி கிண்டும் கட்டையால் தட்டிக்கொண்டிருந்தாள். கூரைக்குள் அந்தச் சத்தம் காதைப் பிளந்தது. ஆற்றின் நடுவில் இருந்த கூட்டம் சிதறியது. பாதி திரும்பிக் கரையைப் பார்த்து நீந்தின, பாதி எங்கே போவதென்று தெரியாமல் சுற்றின. ஒரு குட்டி தனியாகப் பிரிந்து இழுப்பில் படகுப் பக்கம் வந்தது. தண்ணீருக்கு மேலே அதன் தும்பிக்கை நுனி மட்டும்தான் தெரிந்தது.

பெரிய பெண் யானை சத்தம் வந்த திசையைப் பார்த்தது. அங்கே தண்ணீருக்கடியில் மணல் திட்டு. நீந்திக்கொண்டிருந்த யானைக்குக் கால் எட்டியதும் அப்படியே எழுந்தது. மார்பு வரை தண்ணீர், காது இரண்டும் விரிந்திருக்க, படகை நோக்கி நடந்தது.

முவாங்கலாவின் கை என்ஜின் சாவியில் இருந்தது. திருகினால் ஓடிவிடலாம். ஆனால் குட்டி படகின் பின்பக்கம் வந்து உரசிக்கொண்டிருந்தது. என்ஜினின் சுழலும் இறக்கையில் அது சிக்கினால் குட்டியும் போகும், அதற்கப்புறம் தாய் படகில் ஒருவரையும் விட்டுவைக்காது. சாவியிலிருந்து கையை எடுத்தாள். நீளக் கழியை எடுத்து மணலில் ஊன்றினாள். யாரும் எழுந்திருக்காதீர்கள் என்று பயணிகளிடம் சொன்னாள். யாரோ அழ ஆரம்பித்தார்கள். பேசின் மட்டும் நிற்கவில்லை.

"அம்மா, நிறுத்து."

"திரும்பிப் போகட்டும்."

"அம்மா, இது வயலு இல்ல. அதுக்கும் ஓட எடம் இல்ல, நமக்கும் ஓட எடம் இல்ல. நான் இங்க நிக்கிறேன்மா. என்னைப் பாரு."

லிசேலி பார்த்தாள். மகள் படகின் ஓரத்தில் கழியைப் பிடித்து நிற்கிறாள். அவளுக்குப் பின்னால் யானை. களிக்கட்டை அந்தரத்தில் நின்றுவிட்டது.

முவாங்கலா பல்லைக் கடித்துத் தள்ளினாள். படகு அங்குலம் அங்குலமாக விலகியது. குட்டி பக்கவாட்டில் வழுக்கி முன்னால் போனது. யானை வந்த வேகத்தில் தும்பிக்கையால் கூரைக் கம்பியைப் பிடித்து ஒரு உலுக்கு உலுக்கியது. எல்லோரும் நாற்காலியோடு சரிந்தார்கள். பிறகு குட்டி அதன் காலடிக்கு வந்து சேர்ந்தது. யானை கம்பியை விட்டது. குட்டியைத் தும்பிக்கையால் அணைத்துத் தள்ளிக்கொண்டு வந்த கரைக்கே திரும்பியது. மொத்தக் கூட்டமும் அதன் பின்னால் போனது.

சட்டையெல்லாம் நனைந்து நின்ற முவாங்கலா கழியைக் கீழே வைத்தாள். அம்மாவின் மேல் வந்த கோபத்தில் அழுகை முட்டியது. அதை விழுங்கிக்கொண்டு, எல்லோரும் நலமா என்று ஒவ்வொருவராகக் கேட்டாள்.

சத்தம் கேட்டு வனத்துறைப் படகு வந்தது. அதிலிருந்த ஒலெபிலே அவளுக்குத் தெரிந்தவர்தான், உரிமத் தேர்வை அவளோடு சேர்ந்து எழுதியவர்.

"தட்டினது யாரு?"

லிசேலி பேசினை இரண்டு கையாலும் நீட்டினாள்.

"இவங்க யாரு?"

"எங்கம்மா" என்றாள் முவாங்கலா.

"டிக்கெட் எடுத்தாங்களா?"

"இல்ல."

ஒலெபிலே நெற்றியைத் தேய்த்தார். "நான் என்ன பண்ணட்டும், முவாங்கலா?"

"நடந்ததச் சொல்லுங்க. வேற என்ன?"

பேசினைச் சாட்சிப் பொருளாக எடுத்துக்கொண்டார். விசாரணை முடியும்வரை உரிமத்தையும் வாங்கிக்கொண்டார். துறையில் செபினா முதல் தடவையாகப் பேச வார்த்தை இல்லாமல் நின்றார்.

ஊர்த் தோணி போய்விட்டிருந்தது. முவாங்கலாவே ஒரு தோணி கேட்டு வாங்கி அம்மாவை ஏற்றிக்கொண்டாள். அவளுக்கு நாளைக்கு வேலையும் இல்லை. வழியில் லிசேலியின் கை அடிக்கடி தலைக்குப் போய், அங்கே ஒன்றும் இல்லை என்று இறங்கியது.

"சோளம் தப்பிச்சுதுல்ல" என்று கடைசியில் மெதுவாகச் சொன்னாள். "இனி அந்த வேல இல்லாட்டியும் திங்கலாம்."

முவாங்கலா துடுப்பை ஓங்கித் தண்ணீரில் அடித்தாள்.

வீட்டுக்குப் போகாமல் நேரே வயலுக்குப் போய்க் காவல் பரணில் ஏறினார்கள். இருட்ட இன்னும் நேரம் இருந்தது. கதிர்கள் கனத்துத் தலை தொங்கி நின்றன. அவ்வளவு நல்ல விளைச்சலை முவாங்கலா சின்ன வயதில் பார்த்தது. சாக்கைப் பிரித்து விரித்து உட்காரும்போதே வயலின் கடைக்கோடியில் கதிர்கள் ஆடின. காற்று இல்லை.

விரட்டிய கூட்டமோ வேறு கூட்டமோ, யானைகள் கீழே எங்கேயோ ஆற்றைக் கடந்து வந்திருந்தன. சுற்றிலும் அறுத்த வயல்கள். கூப்பிட்டால் வர ஆளில்லை, தட்ட ஒரு தகரம் இல்லை. பரணில் இருந்தது ஒரு மண் குடம் மட்டும்.

முவாங்கலா ஏணியில் காலை வைத்தாள். "நான் போய்க் கத்துறேன். கையத் தட்டினா போயிரும்."

லிசேலி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். அந்தப் பிடியில் எலும்பு வலித்தது.

"வெறுங்கையோட எறங்காத."

"மூணு வருஷம்மா. நாளைக்கு அறுப்பு. இதுவும் போச்சுன்னா என்கிட்ட சம்பளமும் இல்ல."

"தின்னட்டும்."

"அம்மா..."

"தின்னட்டும்ங்கறேன்ல. ஏறு மேல."

முவாங்கலா ஏறினாள். சோளத்தட்டை முறியும் சத்தம் ஆரம்பித்தது. லிசேலிக்குச் சாயங்காலமானால் கண் மங்கல், சத்தம் மட்டும்தான் கேட்கும்.

"இப்ப என்ன பண்ணுதுங்க?" என்று மெல்லக் கேட்டாள்.

முவாங்கலா படகில் பேசும் குரலில், அதைவிடத் தணித்துச் சொன்னாள். "பெரிய பொம்பள யானை ஒண்ணு முன்னாடி நிக்குது. தட்டையச் சுத்திப் பிடிச்சு வேரோட இழுக்குது. இப்ப அத முன்னங்கால்ல தட்டி மண்ண உதுக்குது."

"அது எதுக்கு?"

"மண்ணு பல்லத் தேய்ச்சிடும்மா. பல்லு போனா பட்டினிதான்."

லிசேலி யோசித்தாள். "அதுக்கும் கல்லு கடிச்சா ஆகாதா."

முவாங்கலாவுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. தட்டைகள் முறிகிற சத்தம் பரணுக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"பேசுடி" என்றாள் லிசேலி, மணிக்கட்டை விடாமல். "அவங்களுக்குச் சொன்ன மாதிரி எனக்கும் சொல்லு."

முவாங்கலா அம்மாவின் காதோடு வாயை வைத்து, யானைகள் என்ன செய்கின்றன, ஏன் செய்கின்றன என்று கடைசிக் கதிர் போகும்வரை சொல்லிக்கொண்டிருந்தாள்.