சாயம் காயும்வரை

நூலின் ஒரு நுனியைப் பல்லில் கடித்திருக்கும்போது மட்டும்தான் அக்கா பேசமாட்டாள். புருவம் திருத்திக்கொள்ள வந்தவர்கள் அந்த நேரம் பார்த்துத்தான் மாமியார் கதையைத் தொடங்குவார்கள். நூலை விட்டதும் தீர்ப்பு வரும். "உன் மாமியா சொன்னதுல தப்பில்லடி. சொன்ன நேரந்தான் தப்பு."

ஒரு திரை, இரண்டு நாற்காலி, சுவர் அகலத்துக்கு ஒரு கண்ணாடி. அவ்வளவுதான் அவளுடைய அழகு நிலையம். தெருவில் பாதிப் பெண்களின் தலைக்குச் சாயம் பூசுகிற அக்காவின் தலை பஞ்சாக வெளுத்திருக்கும். கேட்டால், "சமைக்கிறவளுக்கு எங்கடி பசிக்கும்?" என்பாள். போன மின்சாரம் திரும்பி வந்தால் மின்விசிறியை அண்ணாந்து பார்த்து "நல்லாயிரு" என்பாள். கை காட்டிய இடத்தில் நின்ற பஸ்ஸுக்கும் அதே வாழ்த்துதான்.

ஒரே ஒருத்திக்கு மட்டும் அது கிடையாது. பதினேழு வயதில், கல்யாணமாகாமல் உண்டான அக்காவை வீட்டார் ஒரு விடுதியில் மறைத்து வைத்தார்கள். பிள்ளை அங்கேதான் பிறந்தது. "குளிச்சிட்டு வந்து பாத்தா தொட்டில்ல ஈரத்துணி மட்டும் கிடந்துச்சு. பெரியவங்களாப் பேசிக் குடுத்துட்டாங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. அந்த விடுதிக்காரிக்கு மட்டும் என் வாயில நல்ல வார்த்தை வராது."

போன வருடம் நாற்பது வயது ஆள் ஒருவன் வாசலில் வந்து நின்றான். "இது பொம்பளைங்களுக்குப்பா. முடி வெட்டணும்னா அடுத்த தெருவுக்குப் போ" என்று விரட்டினாள். தலையாட்டிவிட்டுப் போய் மறுநாளும் வந்தான். "இவனுக்குப் படிக்கத் தெரியாதான்னு போர்டைக் காட்டினேன். போர்டைப் பாக்கல. என்னையே பாத்தான்." இதைச் சொல்லிச் சிரிக்கும்போதெல்லாம் அவளுக்குப் புரையேறும். இப்போது திரைக்கு உள்ளே வர அனுமதியுள்ள ஒரே ஆண் அந்தப் பிள்ளைதான். சனிக்கிழமைகளில் வந்து ஓரத்து பெஞ்சில் உட்காருவான்.

வீட்டில் சொல்லாமல்தான் வந்துகொண்டிருந்தான். ஒரு நாள் சொல்லிவிட்டான். அந்த வாரமே, வளர்த்த அம்மா நேரில் வருவதாகத் தகவல் வந்தது.

"போகாதேன்னு அவங்க ஒரு வார்த்தை சொன்னா அவன் வரமாட்டான்" என்றாள் அக்கா, நூலைக் கையில் சுற்றிக்கொண்டே. "நானே வரவிட மாட்டேன். வளர்த்தவங்க பேச்சுதான் பெருசு." என் ஒரு புருவம்தான் முடிந்திருந்தது. திரை விலகியது.

எழுபதைத் தாண்டியவர். பின்னால் மகன். வந்தவரை எப்படி வரவேற்பதென்று அக்காவுக்குத் தெரியவில்லை. தெரிந்ததைச் செய்தாள். நாற்காலியில் உட்காரவைத்துக் கழுத்தில் துணியைக் கட்டினாள்.

"நான் சும்மாதாம்மா வந்தேன்."

"சும்மா வந்தாலும் வேர் வெளுத்திருக்கே, அக்கா."

தெருவுக்கே அக்காவான அவள் இன்னொருவரை அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. சாயத்தைக் கரைத்துப் பூச ஆரம்பித்தாள். அந்த அம்மாள் கண்ணாடியைப் பார்த்தபடி சொன்னார்: "நீயே வேண்டாம்னு குடுத்துட்டதாத்தான் எங்ககிட்ட சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா…"

"தெரிஞ்சிருந்தா வாங்கியிருக்க மாட்டீங்க. அப்புறம் அவன் யார் கையில போய் விழுந்திருப்பானோ. விடுங்கக்கா. அவன் எப்ப நடந்தான்? அதைச் சொல்லுங்க."

"எங்க நடந்தான்! ஒன்றரை வயசாகியும் தவழல்தான். எங்க வீட்டுக்காரர் பயந்துபோய் டாக்டர்கிட்டத் தூக்கிட்டு ஓடினார். ஊசியைப் பாத்தான், எந்திரிச்சு வாசலைப் பாத்து ஓடிட்டான்."

"அம்மா, இப்ப இது தேவையா?" என்றான் பெஞ்சிலிருந்தவன்.

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பினார்கள். "நீ சும்மா இருடா."

முதல் பல், பள்ளிக்கூடத்து வாசலில் போட்ட கூச்சல், சைக்கிளிலிருந்து விழுந்து உடைந்த கை. அக்கா கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் மகன்தான் எழுந்து வந்து, "நெத்தியெல்லாம் கறுத்துப் போச்சு" என்றான்.

அரை மணியில் கழுவ வேண்டிய சாயம். இத்தனை வருடத்தில் யார் தலையிலும் அவள் இப்படி மறந்ததில்லை. அலசினாள், பஞ்சில் எண்ணெய் நனைத்துத் தேய்த்தாள். நெற்றியில் விரலகலக் கறை போகவே இல்லை. அதற்கு மேலே அட்டக் கறுப்பு. அந்த அம்மாள் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காக்கா தலையில உக்காந்த மாதிரி இருக்கு" என்றார் கடைசியில். "அடுத்த மாசம் வரும்போது பேச்சைக் கொஞ்சம் குறைச்சுக்கணும்."

அவர்கள் போனபின் அக்கா மேசையைத் துடைத்தாள். பிரித்த சாயப் பொட்டலத்தில் பாதி மீந்திருந்தது. அடுத்து வந்தவள் தன் தலையைக் காட்டினாள். அக்கா அவளுக்குப் புதிய பொட்டலம் ஒன்றை வெட்டினாள். பழையதின் வாயை அடுத்த மாசத்துக்கென்று இறுக மடித்து, தன் கொண்டையிலிருந்து ஒரு ஊசியை உருவிச் செருகி, நாற்காலிமேல் ஏறி, யார் கையும் எட்டாத மேல்தட்டில் வைத்தாள்.