மூன்று டிக்கெட், இரண்டு பேர்: தாம்பரத்திலிருந்து பெஞ்ச் காடு வழியாக டெல்லி

கடந்த பொங்கல் விடுமுறையில் எட்டு நாட்கள் நாக்பூர், அதன் பக்கத்திலுள்ள பெஞ்ச் புலிக் காடு, டெல்லி என்று போய்வந்தோம். இவ்வளவு பெரிய நாட்டில் எட்டே நாளில் இரண்டு நகரமும் ஒரு காடும் பார்க்க முடியுமா என்று யோசிப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். முடியும். ஆனால் திட்டம் என்னுடையது அல்ல, அம்மாவுடையது.

அம்மா குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் ஆசிரியை. இருபது வருடம் கரும்பலகையில் இந்திய வரைபடம் வரைந்தவர், திருப்பதிக்கு வடக்கே கால் வைத்ததில்லை. அதனால் பயணத்தையும் டைம்டேபிள் போட்டு, எட்டு நாளையும் பீரியட் பீரியடாகப் பிரித்திருந்தார். நான் திருட்டுத்தனமாக மூன்றாம் நாள் கட்டத்தில் ‘காலை 6.30: புலியுடன் காபி’ என்று எழுதி வைத்தேன். மறுநாள் பார்த்தால் பக்கத்தில் சிவப்பு மையில் ‘சர்க்கரை இல்லாமல்’ என்று திருத்தம். குறும்பில் நான் கடைசி பெஞ்ச் என்றால் அம்மா ஹெட்மாஸ்டர்.

அறுபது நாள் முன்னதாக, காலை எட்டு மணிக்கு முன்பதிவு திறந்ததும் அப்பா மூன்று பெர்த் எடுத்தார். முட்டி வலி என்பதால் அம்மாவுக்குக் கீழ்ப் பெர்த். அதிலிருந்து பதினெட்டாம் நாள், ஒரு திங்கட்கிழமை, வகுப்பில் அம்மா மயங்கி விழுந்தார். மூளையில் ரத்தக் கசிவு என்றார்கள். புதன்கிழமை அம்மா இல்லை.

அதற்குப் பிறகு அப்பா சைலண்ட் மோடுக்குப் போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்தும் ‘ம்’, ‘சரி’, ‘சாப்பிட்டியா’ என்ற மூன்று சொற்களைத் தாண்டவில்லை. அம்மாவைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. என் ஜோக்குகள் அவரிடம் டெலிவரி ஆகின, படிக்கப்படவில்லை. இப்படியே இருந்துவிடுவாரோ என்ற பயத்தில்தான் பயணத்தைக் கைவிடக் கூடாது என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

அஸ்தினாபுரத்துப் பெரியப்பா வந்து சத்தம் போட்டார். “வருஷம் திரும்பல, ஊர் சுத்தக் கிளம்பறீங்களா? நாலு பேர் என்ன பேசுவாங்க?”

“பெரியப்பா, துக்க வீடு, நமக்குத்தான் இந்த வருஷம் பொங்கல் கிடையாதே. வீட்ல உக்காந்து அடுத்த வீட்டுக் கோலத்துல புள்ளி எண்ணச் சொல்றீங்களா?”

கடைசியில் பெரியப்பா தை அமாவாசைப் படையலுக்குள் திரும்பிவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு விட்டார். அப்பா ‘ம்’ என்றார்.

போகிக்கு முந்தின நாள் மாலை கிளம்பினோம். இரும்புலியூரிலிருந்து தாம்பரம் ஸ்டேஷன் இரண்டு கிலோமீட்டர், ஆட்டோ 100 ரூபாய். “இன்னாபா, பொங்கலும் அதுவுமா வூட்ட பூட்டிகினு டெல்லியா? அம்மா வரலியா?” என்றார் தெரிந்த ஆட்டோ அண்ணன். அம்மா போன சமயம் அவர் ஊரில் இல்லாததால் விஷயம் தெரியாது. அப்பா வெளியே பார்த்தார். “அண்ணா, ஸ்பீடு பிரேக்கர்” என்று பேச்சை மாற்றினேன்.

மாலை 5.40க்கு ரயில். தாம்பரத்திலிருந்து நாக்பூர் கிட்டத்தட்ட 1,100 கிலோமீட்டர். பெட்டிகளை அடியில் தள்ளும்போதுதான் போனில் டிக்கெட்டைத் திறந்தேன். மூன்று பெயரும் அப்படியே இருந்தன. அம்மாவின் பெயரை ரத்து செய்தாச்சா என்று கேட்டதற்கு அப்பா ‘ம்’ என்றிருந்தார். நிமிர்ந்து பார்த்தேன். அவர் கீழ்ப் பெர்த்தின் ஜன்னல் ஓரத்தில் அம்மாவின் சால்வையை விரித்துவிட்டு, தள்ளி உட்கார்ந்திருந்தார்.

எழும்பூர் தாண்டியதும் டிக்கெட் பரிசோதகர் வந்தார். “மூணு பேர் போட்டிருக்கு. லேடி எங்க?”

அப்பாவின் கை சால்வைமேல் போனது. வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களிலேயே வேகமான பொய் அப்போது வந்தது. “அம்மா நெல்லூர்ல ஏறுவாங்க சார்.”

“டிக்கெட்ல தாம்பரம்னுதானே இருக்கு?”

“பாட்டி வீட்டுக்குப் போயிருந்தாங்க சார். மாத்த மறந்துட்டோம்.”

“நெல்லூர் வரைக்கும் பாப்பேன் தம்பி. ஏறலைன்னா ஆர்.ஏ.சி.க்குக் குடுத்துடுவேன்.”

முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு விளக்கம். ஆர்.ஏ.சி. என்றால் ஒரு பெர்த்துக்கு இரண்டு பேர், உட்காரலாம், நீட்டிப் படுக்க முடியாது. பாதி சீட்டு, முழு வேதனை. எங்களுக்கு எதிரே அப்படித்தான் ஒரு தம்பதி. சிங்கப்பெருமாள் கோவிலிலிருந்து நாக்பூரில் இருக்கும் மகனைப் பார்க்கப் போகிறார்கள். அந்த அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும், ஒரு முழங்காலில் பெல்ட். பரிசோதகர் சொன்னது அவர் காதிலும் விழுந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவரோ தூக்குச்சட்டியைத் திறந்து எங்கள் இருவர் கையிலும் மிளகாய்ப்பொடி தடவிய இட்லியை வைத்தார்.

“சாப்பிடு தம்பி. உங்கம்மாவுக்கு நாலு எடுத்து வெச்சிருக்கேன். ஏறுன ஒடனே பசிக்கும்ல?”

இலையில் தனியாக நாலு இட்லி.

கூடூர் போனது. 8.50க்கு ரயில் நெல்லூரில் நின்றது. அந்த அம்மா வலிக்கும் காலை ஊன்றி எழுந்து ஜன்னலோரம் வந்தார். “கூட்டமா கீதே. எப்படி இருப்பாங்க சொல்லு, நானும் பாக்கறேன்.”

நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா பேசினார்.

“குள்ளமா இருப்பாம்மா. கண்ணாடி போட்டிருப்பா. படியேறும்போது இடது முட்டியப் பிடிச்சிக்குவா. கையில ஒரு நோட்டு இருக்கும். ரயில் ஒரு நிமிஷம் லேட்டானாக்கூட அதுல குறிச்சிக்குவா.”

அந்த அம்மா அவர் சொன்ன ஆளை நடைமேடையில் தேடிக்கொண்டே இருந்தார். ரயில் ஊதியது. பெட்டி குலுங்கி நகர்ந்தது.

“அவ வரமாட்டாம்மா,” என்றார் அப்பா. “போய் நாப்பத்திரெண்டு நாளாச்சு. பையன் எனக்காகத்தான் பொய் சொன்னான்.”

அந்த அம்மா கம்பியைப் பிடித்தபடி நின்றார். திரும்பிவந்த பரிசோதகர் கையிலிருந்த டேப்லெட்டில் ஏதோ அழுத்தி, “அம்மா, நீங்க அந்தக் கீழ்ப் பெர்த்த எடுத்துக்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

“வேணாம் சார், நான் இங்கயே குந்திகினு வரேன்,” என்றார் அவர் அப்பாவிடம்.

அப்பா சால்வையை மடித்தார். “படுங்கம்மா. முட்டிக்குக் கீழ தலகாணி வெச்சிக்குங்க. வலி கொஞ்சம் கம்மியா இருக்கும்.” பிறகு அந்த இலையை எடுத்து என் முன்னால் நீட்டினார். ஆளுக்கு இரண்டு இட்லி சாப்பிட்டோம்.

மறுநாள் பகல் 2.15க்கு நாக்பூர். அங்கிருந்து காட்டின் தூரியா வாயிலுக்கு 95 கிலோமீட்டர், டாக்சி 2,800 ரூபாய், இரண்டு மணி நேரம். பொங்கல் அன்று காலை ஆறு மணிக்குத் திறந்த ஜீப்பில் காட்டுக்குள் போனோம். இரண்டு பேர் பங்கு 3,100. பள்ளியில் கடைசி பெஞ்ச்காரனான எனக்கு பெஞ்ச் காட்டில் முதல் வரிசை சீட்டு. புலி வரவில்லை, குளிர் மட்டும் வந்து கடித்தது. மான், செந்நாய், ஒரு ஆந்தை. 6.30க்கு வழிகாட்டி ஜீப்பை நிறுத்தி பிளாஸ்க்கைத் திறந்தார். ஒரு வாய் குடித்த அப்பா, “சர்க்கரை இருக்கே, உங்கம்மா ஒத்துக்க மாட்டா” என்றார். நான் சிரிக்க ஆரம்பித்து வேறெங்கோ போய் முடித்தேன். வழிகாட்டி, புலி தெரியாததற்காகப் பையன் அழுகிறான் என்று நினைத்து மதிய சஃபாரிக்கு ஆறுதல் சொன்னார்.

நான்காம் நாள் நாக்பூரில் ஜீரோ மைல் கல். நாட்டின் நடுப்புள்ளி என்று சொல்லப்படும் தூண். டைம்டேபிளில் அம்மா அதற்குப் பத்து நிமிடம் ஒதுக்கியிருந்தார். அப்பா நாற்பது நிமிடம் நின்றார். எந்த ஊர் எத்தனை மைல் என்று கல்லில் இருந்ததையெல்லாம் சத்தமாக வாசித்தார். நான் அவசரப்படுத்தவில்லை.

டெல்லிக்கு ராத்திரி ரயில். பனிமூட்டத்தில் 5 மணி 40 நிமிடம் தாமதம். ஜனவரியில் டெல்லி போகிறவர்கள் முதல் நாளில் எதையும் வைத்துக்கொள்ளாதீர்கள். நாங்கள் பார்த்த செங்கோட்டை பாதிதான், மீதியைப் பனி பார்த்துக்கொண்டிருந்தது.

போகிறவர்களுக்கு இன்னும் சில: பெஞ்சில் புதன்கிழமை மதியம் சஃபாரி இல்லை. மழைக்கால மாதங்களில் காடு மூடியிருக்கும். அசல் அடையாள அட்டை இல்லாமல் வாயிலைத் தாண்ட முடியாது. ஜீப்பில் காதை மூட குரங்குக் குல்லா அவசியம், மானம் பார்க்காதீர்கள். பதிவு செய்த யாராவது வரவில்லையென்றால் அவர் பெயரை மட்டும் முன்கூட்டியே ரத்து செய்துவிடுங்கள். முட்டி வலியோடு யாரோ ஒருவர் அந்த இடத்துக்காகக் காத்திருப்பார்.

நாங்கள் டெல்லியில்தான் செய்தோம். திரும்பும் டிக்கெட்டிலும் மூன்று பெயர் இருந்தது. ஆறாம் நாள் மாலை விடுதி அறையில் அப்பா அவராகவே போனை எடுத்து, “பேருக்குப் பக்கத்துல இருக்கிற கட்டத்தைத் தொடணுமா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். தொட்டார். நிச்சயமாக ரத்து செய்யவேண்டுமா என்று திரை கேட்டது. விரல் அப்படியே நின்றது.

“நான் பண்ணட்டுமாப்பா?”

“வேணாம். நீ கொஞ்ச நேரம் வெளிய இருடா.”

வெளியே மாடிப்படியில் நின்று தெருவில் போகும் சைக்கிள் ரிக்‌ஷாக்களை எண்ணினேன். பதினேழாவது ரிக்‌ஷா போகும்போது கதவு திறந்தது. கண் சிவந்திருந்தது, முகம் கழுவியிருந்தார்.

“முடிஞ்சுது. வா, சாப்பிடப் போலாம். உங்கம்மா மொதல் தடவ சப்பாத்தி சுட்டத உனக்குச் சொல்லியிருக்கனா?”

“இல்லப்பா,” என்றேன். நூறு தடவை கேட்ட கதை.