நால்வரும் எழுதிய நாற்பது பாகை

2024 பிப்ரவரி 6, செவ்வாய்க்கிழமை. விடியலில் இறங்கிய பனிமூட்டம் ஒன்பது மணிவரை செஞ்சிக் கோட்டையின் இராஜகிரி உச்சியை மறைத்திருந்தது. முதல் பாடவேளைக்கு மணி அடித்தபோது வெயில் சுள்ளென்று ஏறிவிட்டது. பன்னிரண்டாம் வகுப்புச் செய்முறைத் தேர்வுக்கு ஆறே நாள்கள் இருந்தன.

வல்லத்துக் கோதண்டராமன் செஞ்சியை அடுத்த ஒரு மேல்நிலைப் பள்ளியில் இருபத்தெட்டு ஆண்டுகளாக இயற்பியல் கற்பிக்கிறார். வயது ஐம்பத்தாறு. வேர்க்கடலை பயிரிடும் குடும்பத்தின் முதல் பட்டதாரி. கரும்பலகையில் அவர் வரையும் கதிர்ப்படங்களில் ஒரு கோடும் பிசகாது. அவரிடம் படித்தவர் எவரும் செய்முறைத் தேர்வில் ஒரு மதிப்பெண்ணும் இழந்ததில்லை என்று ஊரில் பேச்சு. அதற்கு அவர் ஒரு வழி வைத்திருந்தார். எந்த அளவீடுகளை எழுதினால் விடை சரியாக வருமோ அவற்றைத் தாமே கணக்கிட்டு, ஒரு தாளில் அடக்கி, தேர்வுக்கு முந்திய வாரம் அனைவருக்கும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்துவிடுவார். முப்பட்டகக் கண்ணாடி ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று அளக்கும் நிறமாலைமானி, அதாவது ஸ்பெக்ட்ரோமீட்டர், நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்கு ஒன்றே ஒன்றுதான். ஆளுக்கு ஆள் அளந்துகொண்டிருக்க நேரம் ஏது என்பார். அந்தக் கருவி துணி போர்த்தியபடி அலமாரியில் இருந்தது.

அன்று அவர் சுவாதியை வரவழைத்திருந்தார். தொண்டூரில் கூலி வேலை செய்பவரின் மகள். சென்ற ஆண்டு அவரிடம் படித்து முடித்து, இப்போது கல்லூரியில் இயற்பியல் முதலாண்டு படிப்பவள். கல்லூரிப் பாடம் எப்படியிருக்கும் என்று இவ்வாண்டுப் பிள்ளைகளுக்கு அவள் எடுத்துச் சொல்ல வேண்டும்.

“எதையும் மறைக்காம சொல்லும்மா” என்று நாற்காலியில் சாய்ந்தார்.

“மொத நாளே தல சுத்திடுச்சு. புக் பேக் கேள்வி எதுவும் வராது. நோட்ஸ் எழுதிப் போட மாட்டாங்க. பாதி கணக்கு, பாதி இங்கிலீஷு. பிசிக்ஸ் எப்ப வரும்னு ஒரு வாரம் காத்துனு இருந்தேன்” என்றாள் சுவாதி. வகுப்பு சிரித்தது.

“டெஸ்ட்டுல எவ்ளோக்கா?” என்றான் கடைசி பெஞ்சு அன்புமணி.

“அம்பதுக்கு ஒம்போது. நைனாகிட்ட இன்னும் சொல்லல. நீ போய்ப் போட்டுக் குடுத்துடாத.”

கோதண்டராமனும் சிரித்துவிட்டார். “சரி, லேப் எப்படி? அதச் சொல்லு.”

அவள் தரையைப் பார்த்தாள். “அது வேணாம் சார்.”

“ஏன் வேணாம்? நம்ம பசங்களுக்கு அதுதானே பலம்.”

“நம்ம ஸ்கூல்லேருந்து நாலு பேர் சேந்தோம் சார். மொத சோதனையே ஸ்பெக்ட்ரோமீட்டர். நமக்குத் தெரிஞ்சதுதானேன்னு கண்ண வெச்சுப் பாக்காமலே எழுதிட்டோம். முப்பட்டகக் கோணம் அறுபது, திசைமாற்றம் நாப்பது, ஒளிவிலகல் எண் ஒன்னு புள்ளி அஞ்சு மூணு. நாலு பேரும் அதேதான். ஆனா அவங்க குடுத்தது வேற கண்ணாடி. ஒன்னு புள்ளி ஆறு ரெண்டு வரணும். நாலு பேருக்கும் சைபர். எந்த ஸ்கூலு, யார் சொல்லிக் குடுத்தாங்கன்னு கேட்டாங்க சார்.”

“நீங்க இன்னா சொன்னீங்க?”

“சொல்லல சார். தலயக் குனிஞ்சிகினு நின்னோம்.”

யாரும் சிரிக்கவில்லை. கோதண்டராமன் மேசைப் பக்கம் திரும்பினார். தம் பெயரைக் காப்பதற்காக நான்கு பிள்ளைகள் அயலார் முன்னிலையில் தலைகுனிந்து நின்றிருக்கிறார்கள். அன்று கொடுப்பதற்கென்று மேசைமேல் வைத்திருந்த தாள்கட்டில், மேல் தாளிலேயே அந்த நாற்பது பாகை இருந்தது. அதைக் கையால் மறைத்துக்கொண்டார்.

அவர் முகம் வாடியதைக் கண்டு, சுவாதி அவசரமாகப் பேச்சை மாற்றினாள். “அப்புறம் நாங்களே செஞ்சோம் சார். பட்டகத்த மெதுவாத் திருப்பினா, அந்த வெளிச்சக் கோடு ஒரு பக்கமாவே போய்கினு இருக்குது. ஒரு எடத்துல நிக்குது. அப்புறம் நாம அதே பக்கம் திருப்பினாலும் அது வந்த வழியே திரும்பிப் போவுது. அந்த எடந்தான் சிறும திசைமாற்றம். படிச்சப்ப புரியல சார், பாத்தப்பதான் புரிஞ்சுது.”

முதல் வரிசையில் இருந்த அமலா எழுந்தாள். கேலி செய்யும் பெண் அல்லள், தெரிந்துகொள்ளக் கேட்பவள். “சார், அது திரும்புறத நீங்க பாத்திருக்கீங்களா?”

ஆமாம் என்ற ஒரு சொல் போதும். நாற்பத்திரண்டு பேரும் நம்புவார்கள், சுவாதியும் நம்புவாள். ஆனால், அவர் படித்த கல்லூரியில் ஆறு பேருக்கு ஒரு கருவி. கையெழுத்து அழகு என்பதால் அளவீடுகளை எழுதும் வேலை எப்போதும் அவருக்கே வந்தது. தொலைநோக்கியில் கண் வைத்தவர்கள் வேறு யாரோ. ஆசிரியரான பிறகு, தெரியாது என்று எவரிடமும் கேட்க வெட்கம். நேரமில்லை என்பது பிற்பாடு கண்டுபிடித்த காரணம். இருபத்தெட்டு ஆண்டுகளாக அந்தத் துணியை அவர் விலக்காததற்கு உண்மையான காரணம், பிள்ளைகள் முன்னிலையில் அதை இயக்கத் தெரியாமல் விழிக்க நேரும் என்னும் அச்சமே.

அமலா இன்னும் நின்றுகொண்டிருந்தாள். கோதண்டராமன் நாற்காலியை விட்டு எழுந்தார்.

“இல்லம்மா. நான் பாத்ததில்ல.”