தண்ணி மழை

இன்று காலை சிட்னியின் ஹோம்புஷ் ஸ்டேசனில் இறங்கவும் மழை பிடித்துக்கொண்டது. வெயிலில் கொதித்த தார் ரோட்டில் முதல் துளி விழும்போது ஒரு மணம் வருமே, அதை விரும்பாத ஆள் உண்டா என்று கேட்பீர்கள். நான் இருக்கிறேன். "அப்பா, ரெய்ன்! கெதியா வாங்கோ" என்று மகள் ஓடினாள். இங்கே பிறந்தவள், அவளுக்கு மழை என்றால் மழைதான்.

எங்களுக்கு ஒரு காலம் அப்படி இல்லை. அப்போது நான் செவன் ஹில்ஸில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் வாளிகளுக்குப் பிடி பொருத்திக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணத்தில் கணக்குப் படித்த மூளை அதற்கு நன்றாகவே உதவியது. அம்மாவை எப்படியோ இங்கே கூப்பிட்டுவிட்டேன். தங்கச்சி வசந்தி மட்டும் புருஷனோடும் மகளோடும் சண்டை நடந்த வன்னியில் அகப்பட்டுப் போனாள்.

இந்தச் சண்டை ஏன் வந்தது என்று கூட வேலை செய்த ஒரு வெள்ளைக்காரன் கேட்டான். சிங்களம் மட்டும் என்று வந்த சட்டம், எங்கள் பெடியளுக்கு மறுத்த பல்கலைக்கழக இடங்கள், கொழும்பில் எரித்த வீடுகள், பிறகு எல்லாரும் தூக்கிய துவக்கு என்று ரீ பிரேக் முழுக்கச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஸோ, ஹூ இஸ் வின்னிங்?" என்றான். நான் பிஸ்கற்றைத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தேன்.

வசந்தி எப்போதாவது சற்றலைற் போனில் எடுப்பாள். ஒட்டுக் கேட்பார்கள் என்ற பயத்தில் எங்களுக்குள் ஒரு பாஷை வைத்திருந்தோம். மழை என்றால் ஷெல் வீச்சு. இடி என்றால் குண்டு போட வரும் பொம்பர். குடை என்றால் பதுங்குகிற பங்கர். ஏதோ உளவுத்துறைக்கே தண்ணி காட்டுகிறோம் என்று நினைப்பு. கேட்டுக்கொண்டிருந்தவன் விழுந்து விழுந்து சிரித்திருப்பான்.

ஒருநாள் அம்மா வாசலில் நின்று, "அங்கை சரியான மழையாம்" என்று அழ, பக்கத்து பிளாட்டில் இருந்த கோயம்புத்தூர்ப் பெண், "நல்லதுதானேம்மா, வெள்ளாமை செழிக்கும்" என்றாள். பாவம், நல்ல மனசில் சொன்னது. அம்மா குசினிக்குள் போய் அடுப்பைப் பற்றவைத்தார்.

சண்டையின் கடைசி மாதங்களில் சனம் கடற்கரைப் பக்கம் ஒதுங்கிக்கொண்டே போனது. முன்னால் அரசாங்கத்து ஆமி ஷெல் அடித்தது, வெளியேற நினைத்தவர்களை எங்கள் பெடியளின் இயக்கம் மறித்தது. இரண்டு பக்கமும் சனத்துக்காகத்தான் என்று சொன்னார்கள்.

அந்த நாட்களில்தான் வசந்தியின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டேன்.

"அம்மா, மழை!"

"ஐயோ, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு குடைக்குள்ளை போ!"

"இல்லையம்மா, தண்ணி மழை. உண்மையான மழை. குளிச்சு எத்தினை நாள்! பிள்ளை வெளியிலை நிண்டு நனையிறாள்."

வசந்தி சிரித்தாள். அம்மாவுக்கு அது காதில் ஏறவே இல்லை. "குடைக்குள்ளை போ, குடைக்குள்ளை போ" என்று கத்திக்கொண்டே இருந்தார். லைன் அறுந்தது. பிறகு அழைப்பே இல்லை. சண்டை முடிந்ததும் அகதி முகாம்களில் ஆள் விட்டுத் தேடினோம், விசாரித்தோம், பத்திரிகையில் வந்த முகாம் படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தோம். மூன்று பேரில் ஒருவரைக்கூடக் கண்டதாகச் சொல்ல ஆள் இல்லை.

அம்மா மட்டும் அசையவில்லை. யார் கேட்டாலும், "வசந்தியோ? இருக்கிறாள்" என்பார். அத்தனை வருஷமும் அந்த ஒரு சொல்லில்தான் அவள் இருந்தாள்.

போன மாசியில் அம்மாவும் போய்விட்டார். எங்கள் ஆக்களின் பத்திரிகையில் மரண அறிவித்தல் போடுகிற ஒரு தம்பி போன் எடுத்தார். எங்கள் அறிவித்தல்கள் உங்களுக்குத் தெரியும்தானே, பிள்ளைகளின் பெயருக்குப் பக்கத்தில் அடைப்புக்குள் அவர்கள் வாழும் ஊர் வரும், இறந்தவரென்றால் முன்னால் 'காலஞ்சென்ற' வரும்.

"உங்களுக்கு சிட்னி போட்டிட்டன் அண்ணை. தங்கச்சிக்கு எந்த ஊர்?"

நான் போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"அப்ப... 'காலஞ்சென்ற' போடவோ?"

"வேண்டாம். வெறும் பேரை மட்டும் போடுங்கோ."

"பாக்கிற சனம் பிழை விட்டிட்டம் எண்டு நினைக்கும் அண்ணை."

"நினைக்கட்டும்" என்றேன். இருக்கிறாள் என்று சொல்ல இனி வீட்டில் யாரும் இல்லை. எனக்கு அந்தப் பொய் வராது.