பொரித்த கிண்ணத்தில் ஒரு டயட்

ஓட்டலில் ஆர்டர் எடுக்கிறவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும்: "நான் டயட்டுல இருக்கேன்" என்று சொல்லிக்கொண்டே நாற்காலியை இழுக்கிறவர் எழுந்து போனபிறகு, அந்த மேஜையைத் துடைக்கத்தான் இரண்டு துணி வேண்டும். இந்த வேலை பார்த்தவர்கள், பார்த்துக்கொண்டிருப்பவர்கள், டயட்டில் இருக்கும் ஆளோடு ஒரே வீட்டில் குடியிருப்பவர்கள் எல்லோரும் என் கட்சி. உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன்.

நான் புதூர்ப் பக்கத்துக்காரி. மதுரையில் மூன்று வருஷம் ஊட்டச்சத்துப் படிப்பு படித்தேன். ஆஸ்பத்திரியில் வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு நோயாளிகளுக்குச் சாப்பாட்டுப் பட்டியல் எழுதுவேன் என்று நினைத்தேன். கிடைத்தது கோவில்பட்டி பைபாஸில் ஒரு மெக்சிகன் ரெஸ்டாரண்ட். முந்தி அது பரோட்டாக் கடை. எங்கள் முதலாளி அண்ணாச்சி ஒரு கல்யாணத்துக்குச் சென்னை போனவர், அங்கே டாக்கோ என்று மடித்துக் கொடுத்த ரொட்டியைத் தின்றுவிட்டு வந்து பெயர்ப்பலகையை மாற்றிவிட்டார். சுவர் முழுக்கக் கள்ளிச்செடி வரைந்து வைத்தார். கள்ளியைப் பார்க்க எங்கள் கரிசல்காட்டு ஆட்கள் ஏ.சி. ஹாலுக்கு வர வேண்டுமா என்று ஒருத்தரும் அவரிடம் கேட்கவில்லை. சமையலுக்கு அதே பழைய பரோட்டா மாஸ்டர் சண்முகையா அண்ணன்தான். மாவை மெல்லிசாகத் தேய்த்துச் சுட்டால் டார்ட்டியா, அதில் சோறும் ராஜ்மா மாதிரிப் பயறான பீன்ஸும் வைத்துச் சுருட்டினால் புரிட்டோ, சீஸ் வைத்து மடித்தால் கேசடியா என்று ஒரே வாரத்தில் பழகிவிட்டார்.

மெக்சிகன் சாப்பாட்டின் மேல் எனக்கு ஒரு கோபமும் கிடையாது. அனலில் வாட்டிய கோழி, வேகவைத்த பீன்ஸ், தக்காளியும் வெங்காயமும் பச்சைமிளகாயும் பொடியாக நறுக்கிய சல்சா என்று பார்த்து எடுத்தால் உடம்புக்கு நல்ல சாப்பாடுதான். அப்படிப் பார்த்து எடுக்கிற ஆளைத்தான் தேட வேண்டியிருக்கிறது.

வெறும் சாலடு

பஞ்சு வியாபாரி ஒருவரும் அவர் வீட்டம்மாவும் வந்தார்கள். அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்தார். எடையைக் குறைத்தால்தான் வலி போகும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். "அவியளுக்கு என்ன வேணுமோ குடு. எனக்கு வெறும் சாலடு மட்டும் போதும்" என்று மெனுவில் டாக்கோ சாலடைத் தொட்டுக் காட்டினார்.

எங்கள் கடை டாக்கோ சாலடு எப்படி இருக்கும் தெரியுமா? மைதாவைக் கிண்ணம் மாதிரி வளைத்து எண்ணெயில் முக்கிப் பொரித்து, அதற்குள் நாலு இலை, அந்த இலை வெளியே தெரியாத அளவுக்குச் சீஸ், சீஸ் தெரியாத அளவுக்குப் புளிப்பு க்ரீம். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அம்மா, சீஸும் க்ரீமும் வேண்டாம்னு சொல்லிருதேன். அதுக்குப் பதிலா சல்சா ரெண்டு கரண்டி கூட வைக்கச் சொல்லுதேன். உள்ள இருக்கத மட்டும் சாப்பிடுங்க. அந்தக் கிண்ணம் பொரிச்சது, அத அப்படியே வச்சிருங்க." அம்மா தலையாட்டினார். புருஷனைப் பார்த்து, "படிச்ச பிள்ளைல்லா, எப்படிச் சொல்லுது பாருங்க" என்று வேறு பாராட்டினார்.

தட்டு எடுக்கப் போனபோது மேஜையில் தட்டு மட்டும்தான் இருந்தது. கிண்ணத்தின் ஒரு துணுக்குகூட இல்லை. போதாததற்குப் புருஷன் தட்டிலிருந்த க்ரீமையும் அதை வைத்தே வழித்திருக்கிறார். நான் எதுவும் கேட்கவில்லை. என் முகம் கேட்டிருக்கும் போல.

"கிண்ணத்த வச்சிட்டுப் போனா அத யாரு கழுவுததுன்னு பாவமா இருந்துச்சும்மா, அதான் தின்னுட்டேன்!"

சும்மா வரும் சிப்ஸ்

உட்கார்ந்தவுடன் ஒரு கூடைச் சிப்ஸும் சல்சாவும் சும்மாவே கொடுக்க வேண்டும் என்பது அண்ணாச்சியின் உத்தரவு. வெளிநாட்டில் அப்படித்தானாம். வெளியே சாப்பிடப் போனால் ஆளைக் கவிழ்ப்பது மெனுவில் இருக்கிற பண்டம் இல்லை, மெனு வருவதற்குள் வந்துவிடுகிற இந்தக் கூடைதான். இதைக் காலேஜில் ஒரு முழு வகுப்பு எடுத்தார்கள். எங்கள் கடையில் விளக்க ஒரு நிமிஷம் போதும்.

ஜிம் நடத்துகிற ஒரு தம்பி வாரம் இரண்டு தடவை வருவான். சட்டைக் கை அவன் கையைச் சுற்ற முடியாமல் திணறும். அவன் ஆர்டர் சொல்லுவதே ஒரு சொற்பொழிவு. "அக்கா, புரிட்டோ பவுல். டார்ட்டியா கிடையாது, சோறு கிடையாது, சீஸ் கிடையாது. பீன்ஸ் டபுள், கோழி டபுள். எண்ணெ ஒரு சொட்டு இருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிரும்." பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்து, கூச்சப்பட்டு, சிப்ஸின் மேல் சீஸ் ஊற்றிய தங்கள் நாச்சோஸைக் கொஞ்சம் தள்ளி வைப்பார்கள். பவுல் வருவதற்குள் தம்பி போனைப் பார்த்துக்கொண்டே மூன்று கூடைச் சிப்ஸைக் காலி பண்ணிவிடுவான். அன்றைக்கு நாலாவது கூடைக்குக் கை காட்டினான். "தம்பி, இதுவும் எண்ணெய்ல பொரிச்சதுதான்" என்றேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு இரக்கம்.

"இது ஃப்ரீதானக்கா, ஆர்டர் பண்ணிச் சாப்பிடுததுதான் கலோரில சேரும்!"

மக்காச்சோளம்

அண்ணாச்சி ஒருநாள் வாசலில் புதுப் பலகை வைத்தார்: 'நூறு சதவீதம் மக்காச்சோள டார்ட்டியா. உடலுக்கு உகந்தது.' உள்ளே சண்முகையா அண்ணன் மைதா மூட்டையைப் பிரித்து, அதில் மஞ்சள் பொடி கலந்துகொண்டிருந்தார். நான் அண்ணாச்சியிடம் போய், "இது பொய்யில்லையா அண்ணாச்சி" என்றேன். "மெக்சிகோவுல இருந்து எவனும் வந்து கேக்கப் போறானா?" என்றார்.

மெக்சிகோவிலிருந்து யாரும் வரவில்லை. எப்போதும்வென்றான் கிராமத்திலிருந்து வந்தார்கள். பெங்களூரில் வேலை பார்க்கும் மருமகன் மாமனாரைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். மாமனார் வேட்டியை இறக்கிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். மருமகன் பலகையைக் காட்டி, "மாமா, உங்க காட்டுல விளையுதே, அதே மக்காச்சோளந்தான். அரிசியவிட நல்லது, சாப்பிடுங்க" என்றார். பெரியவர் டார்ட்டியாவை எடுத்துப் பிய்த்தார். அது ரப்பர் மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. மோந்து பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஒரு துண்டை வாயில் போட்டு மெதுவாக மென்றார். அண்ணாச்சி கல்லாவிலிருந்து எழுந்து, சிரித்தபடி, "எப்படி இருக்கு ஐயா, நம்ம சோளம்?" என்று கேட்டார். கேட்டிருக்கவே கூடாது. பெரியவர் சத்தம் போடவில்லை. துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார்.

"இத்தன வருசமா விதைச்சு அறுக்குதேன், மக்காச்சோளத்த எங்க ஊர்க் கோழிக்கு வித்துட்டு மஞ்சப் பூசுன மைதாவ மனுசனுக்குப் போடுதாகன்னு இன்னைக்குத்தான் தெரியுது."

ஆரோக்கிய காம்போ

பலகை மறுநாளே இறங்கியது. அதோடு அண்ணாச்சி அடங்கியிருக்கலாம். இரண்டு வாரத்தில் 'ஆரோக்கிய காம்போ' என்று ஒன்றைத் தொடங்கினார். ஒரு புரிட்டோ, ஒரு கிண்ணம் சோறு, சர்க்கரை சேர்க்காத மாங்காய் கூலர் என்று ஒரு குளிர்பானம். கீழே சின்ன எழுத்தில், 'எங்கள் ஊட்டச்சத்து நிபுணர் பரிந்துரைத்தது' என்று அச்சடித்திருந்தது. அந்த நிபுணர் நான்தானாம். மெனு அச்சாகி வந்த பிறகுதான் எனக்கே தெரியும். வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன். பலகையைப் பொய் என்று சொன்ன அதே வாய்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மணியாச்சியிலிருந்து ஒரு ரயில் எஞ்சின் டிரைவர் மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். மகளுக்குக் கல்லூரியில் இடம் கிடைத்திருக்கிறது, அதற்காக வந்த சாப்பாடு. அவர் கை கழுவப் போனதும் அந்த அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "தங்கச்சி, அவியளுக்கு அடுத்த மாசம் மெடிக்கல் இருக்கு. போன தடவையே சுகர் கூடன்னு எச்சரிச்சு விட்டுட்டாங்க. இந்தத் தடவையும் கூட இருந்தா எஞ்சினவிட்டு இறக்கி ஆபீஸ்ல உக்கார வச்சிருவாங்க. எஞ்சின் இல்லைன்னா இந்த மனுசன் மனுசனாவே இருக்க மாட்டாவ. இதுல எத அவிய சாப்பிடலாம், நீயே சொல்லு" என்றார். கண் கலங்கியிருந்தது.

மூன்று வருஷப் படிப்புக்கு முதல் தடவையாக ஒருத்தர் மரியாதை கொடுத்துக் கேட்கிறார். நான் நோட்டை எடுத்தேன். அதற்குள் எங்கள் பேச்சைக் காதில் வாங்கிய அண்ணாச்சி மேஜைக்கு வந்துவிட்டார். கை கழுவிவிட்டு வந்த டிரைவரிடம், "சுகரா? கவலையே படாதீங்க சார். ஆரோக்கிய காம்போ எடுங்க. நம்ம நிபுணரே போட்டது, இந்தா நிக்கா பாருங்க" என்று என்னைக் காட்டினார். டிரைவர் என்னைப் பார்த்தார். அக்கா என்னைப் பார்த்தார்.

"சார், அத நான் போடல" என்றேன். "அந்தக் கூலர் முழுக்கச் சர்க்கரைப் பாகு. புரிட்டோ மைதா, உள்ள சோறு, தொட்டுக்க மறுபடியும் சோறு. உங்களுக்கு வேண்டாம். வாட்டுன கோழி, குடைமிளகாய், முழு பீன்ஸ், சல்சா வாங்கித் தாரேன். சோறு ரெண்டு கரண்டி போதும். சிப்ஸ் கூடைய நான் எடுத்துட்டுப் போயிருதேன். குடிக்கத் தண்ணி." டிரைவர் மெனுவை மூடி வைத்துவிட்டு, "சரிம்மா, அதையே குடு" என்றார். போகும்போது, வெளியே சாப்பிட்டால் எதை எடுக்கலாம், எதைத் தள்ளலாம் என்று ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டும் போனார்.

அவர்கள் வண்டி கிளம்பியதும் அண்ணாச்சி என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டார். "சர்க்கரை எங்கட்டி சேத்தோம்? பாகுல்ல சேத்தோம்!" என்று கத்தினார். நாளையிலிருந்து நான் வர வேண்டாம் என்றார். நான் ஏப்ரனை அவிழ்த்து மடித்து வைத்தேன். அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். எனக்காக யாராவது நியாயம் பேசுவார்கள் என்று மனதின் ஓரத்தில் ஓர் ஆசை இருந்தது. சண்முகையா அண்ணன் அடுப்பிலிருந்து திரும்பாமலே பேசினார்.

"அவ போனா மெனுவுல இருக்க பேரெல்லாம் யாரு வாசிப்பா அண்ணாச்சி, நீங்களா நானா?"

நிபுணர் சாப்பாடு

வேலை நிலைத்தது. காம்போவுக்குக் கீழே இருந்த நிபுணர் வரியை அண்ணாச்சி கறுப்பு மையால் அடித்தார். காம்போவை அடிக்கவில்லை. ஊரார் வயிற்றைக் காப்பாற்றுகிற நான் என்ன சாப்பிடுகிறேன் என்று நீங்கள் கேட்கலாம். மத்தியானக் கூட்டம் மூன்றரை மணிக்குக் குறையும். அப்போது அடுப்படி மூலையில் நின்றுகொண்டே, உடைந்து போன சிப்ஸைக் குவித்து, மிச்சம் இருக்கும் சீஸை ஊற்றி, கரண்டியால் அள்ளித் தின்பேன். வாட்டிய கோழியும் சல்சாவும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கும். ஒருநாள் சண்முகையா அண்ணன் பாத்திரத்தை என் பக்கம் நகர்த்தினார்.

"டயட்டம்மா, க்ரீமு இன்னுங் கொஞ்சம் கெடக்கு, வழிச்சிருதியா?"

மெடிக்கல் முடிந்தது

ஒன்றரை மாதம் கழித்து அந்த எஞ்சின் டிரைவர் வந்தார். கூட மூன்று பேர், எல்லோரும் அவரோடு வேலை பார்க்கிறவர்கள். ஆள் மெலிந்து, முகம் தெளிந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்தே நின்றுவிட்டார். "இந்தப் பிள்ளை எழுதிக் குடுத்த தாளுதான்டே. ஒருநாள் விடல. சுகர் இறங்கிட்டு. மெடிக்கல் பாஸாகி எஞ்சின்ல உக்காந்தாச்சு" என்று கூட்டாளிகளிடம் சொன்னார். ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்திருந்தால்கூட இவ்வளவு சந்தோஷம் வந்திருக்காது என்று நினைத்தேன். அந்த நினைப்பு அரை நிமிஷம் நீடித்தது.

"சரிம்மா, எழுதிக்கோ" என்றார். "சிமிச்சாங்கா ரெண்டு, சீஸ் போட்ட நாச்சோஸ் ஒண்ணு, அந்த மாங்காய் கூலரு எனக்குப் பெருசா ஒண்ணு." சிமிச்சாங்கா என்பது புரிட்டோவை அப்படியே எண்ணெயில் போட்டுப் பொரிப்பது. அதற்கு மேல் கெடுதல் பண்ண எங்கள் அடுப்படியால் முடியாது. "சிமிச்சாங்கா தீந்துபோச்சு சார்" என்று கூசாமல் பொய் சொன்னேன். "எவ சொன்னா? ரெண்டு சூடா கெடக்கு!" என்று உள்ளேயிருந்து சண்முகையா அண்ணன் குரல் கொடுத்தார். கூட்டாளிகள் சிரித்தார்கள். நான் நோட்டை மூடிக்கொண்டு, "அப்ப அந்தத் தாள என்ன சார் செஞ்சீங்க?" என்று கேட்டேன். அவர் ஒரு குற்றமும் இல்லாத முகத்தோடு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"பீரோவுல பத்திரமா வச்சிருக்கேம்மா, அடுத்த மெடிக்கலுக்கு வேணும்லா!"

இத்தனை நாள் நின்று பார்த்ததில் நான் கண்டது இவ்வளவுதான்: உடம்புக்கு எது நல்லது என்று இந்த ஊரில் தெரியாத ஆளே கிடையாது, அதை அடுத்த ஆளுக்குச் சொல்லி முடித்ததும் எல்லோருக்கும் நன்றாகப் பசித்துவிடுகிறது.