சரிந்த தோள்

பெரியம்மாவின் அளவு நாடா கழுத்தில் பட்டால் குளிரும். அம்மாவின் அக்கா அவ. முல்லைத்தீவுக் கரையில் பக்கத்து வளவில் தையல் மெசினோடு இருந்தா. தொண்ணூறுகளின் கடைசி, எனக்குப் பதின்மூன்று வயது. மாதா கோயிலுக்கு ஆயர் ஆண்டகை வந்து தரும் உறுதிப்பூசுதலுக்கு வெள்ளைச் சட்டை தைத்தோம். போட்டுப் பார்த்தால் வலப்பக்கம் தொங்கியது. பிரித்துத் தைத்தும் தொங்கியது.

“என்ர தையலில பிழை இல்லை. உன்ர பெட்டைதான் கோணல்” என்றா, அம்மாவிடம்.

காரணம் “பட்மின்டன்”. இரண்டு வருசமாகப் பின்னேரங்களில் அதுதான் வேலை. சண்டையால் கடைச்சாமான் வராத காலம் என்பதால் மட்டைக்கு அப்பா மீன்பிடிக்கும் “தங்கூசி” நூல் கட்டி, வலை மிதப்பில் கோழி இறகு குத்திப் பந்து செய்தோம். அது பாரம். ஓங்கி அடித்தால்தான் போகும். அடித்து அடித்து வலக்கை தடித்து, அந்தத் தோள் பதிந்துவிட்டது.

“ஆண்டகைக்கு முன்னால இப்பிடிச் சரிஞ்சோ நிக்கப்போறாய்?” அம்மா மட்டையை அலுமாரிக்கு மேல் ஏற்றினா.

அடுத்த கிழமை முள்ளியவளைப் பிள்ளைகளோடு போட்டி. இனி இடக்கையால் விளையாடுறன், இரண்டு தோளும் சரியாகிவிடும் என்று அழுது கேட்டு மட்டையை வாங்கினேன். நாலு நாள் ஒரு பந்தும் படவில்லை. என் சோடி ஜெனி கத்தினாள்: “எடியே, பந்தை அடி! இலையான் துரத்துறமாதிரி விசுக்காதை!”

அன்று அப்பா கரையால் வந்து வெறும் மேலோடு இருந்தார். கரைவலைக் கயிறு இழுத்து அவருக்கு இடத்தோள் சரிவு.

“அப்பாவைப் பாருங்கோ அம்மா. அவரை நிப்பாட்டினீங்களோ?”

“அது சோறு. இது விளையாட்டு.”

“என்னையும் நிப்பாட்டப்பா. நல்லாப் படுத்திருப்பன்” என்றார் அப்பா, அம்மாவிடம்.

அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கிணற்றில் இடக்கையால்தான் அள்ளவேணும் என்று சொல்லி, வலக்கை ஆட்டத்துக்கு விட்டா. பெரியம்மா சட்டைத் தோளுக்குள் துணி மடித்து வைத்தா. கோயிலில் ஒருத்தரும் கவனிக்கவில்லை. போட்டியில் தோற்றோம். வலக்கையால் தோற்றதில் எனக்குக் கவலை இல்லை.

அடுத்த வருசம் பள்ளிக்கூடத்தை விட்டுக் கருவாட்டு வேலைக்குப் போனேன். இரண்டு கையாலும் கூடை தூக்கித் தூக்கி, தோள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டது. நாங்கள் விளையாடின வெளியில் இப்போது வீடுகள். அம்மா விரும்பியது நடந்துவிட்டது, நேராக நிற்கிறேன். நான் விளையாடினவள் என்று சொல்ல உடம்பில் ஒன்றும் மிச்சம் இல்லை.