பின்வாசலில் நாலு சுற்று

"ஆடுனேன்தான். யாரு சொன்னா ஒனக்கு? கீழத்தெரு டீச்சரா? அவ பொய் சொல்ல மாட்டா. ஆனா ரெண்டு சுத்துன்னு சொல்லியிருப்பா. நாலு சுத்து ஆடுனேன், ஏட்டி."

பக்கத்து வீட்டுக்காரி வாசல் தெளித்த வாளியோடு அப்படியே நின்றுவிட்டாள். பேத்தியின் கல்யாண வரவேற்பில் நான் ஆடிய சங்கதி, வண்ணார்பேட்டை மண்டபத்திலிருந்து எனக்கு முன்னால் தச்சநல்லூர் வந்து சேர்ந்துவிட்டது. அவள் இந்தத் தெருவுக்குக் குடிவந்து மூன்று வருஷம்தான் ஆகிறது. ஆட்டக் கொட்டகை அவளுக்குத் தெரியாது. ஆகவே முதலிலிருந்து சொல்ல வேண்டியதாயிற்று.

அது முன்னால் நெல் மூட்டை அடுக்கிவைக்கிற கிட்டங்கியாக இருந்தது. சனிக்கிழமை சாயங்காலமானால் மேடையில் பாட்டுக் கச்சேரி, கீழே இளசுகளின் ஆட்டம். மேலே தகரம் தெரியாமல் இருக்கச் சரிகைத் துணியைக் கூரை முழுக்கத் தொங்க விட்டிருந்தார்கள். சுழலும் விளக்கு பட்டால் நட்சத்திரம் கொட்டுவது போல இருக்கும். ஊர் அதைத் திட்டவும் செய்தது, அங்கே போகவும் செய்தது. ஜவுளிக்கடைப் பையன்கள், காலேஜ் பிள்ளைகள், பாளையங்கோட்டையில் ஞாயிற்றுக்கிழமை பாட்டுக்குழுவில் கண்ணை மூடிப் பாடுகிற பெண்கள், எல்லோரும் வருவார்கள். எங்கள் தெரு ஓதுவார் ஒருநாள் முண்டாசு கட்டிக்கொண்டு வந்து நின்றார். முண்டாசுக்குக் கீழே திருநீறு பளிச்சென்று தெரிந்தது. நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன்.

அங்கே டிரம் அடித்தவர் என் மருமகன். பகலில் துணி அளப்பார், சனிக்கிழமை டிரம் அடிப்பார். அவர் என் மகளைக் கேட்டு வந்தபோது, கொட்டு அடிக்கிறவனுக்கா பெண் என்று வீட்டுக்காரர் முறைத்தார். நான்தான் கொடுக்கச் சொன்னேன். அவர் அடிக்கிறதைக் கேட்டிருந்தேனே.

கொட்டகைக்குப் பின்னால் ஒரு வாசல் உண்டு. முன்பு நெல்வண்டி வந்து நின்ற வாசல். நான் போய்த் தட்டினால் மருமகன் தாழ்ப்பாளை விலக்கிவிடுவார். முதலில் நான் மட்டும் போனேன். அப்புறம் எதிர்வீட்டுக்காரி வந்தாள். அப்புறம் தெருவே வந்தது. ஒருத்தி இடுப்பில் பிள்ளையோடு வருவாள், ஒருத்தி தலையில் ஈரத்துண்டோடு வருவாள், ஒருத்தி பாதி நறுக்கிய வெண்டைக்காய்த் தட்டையே கையோடு கொண்டுவந்துவிட்டாள். முகப்பவுடர் வாசமும் வேர்வை வாசமும் கலந்து அடிக்கும். உள்ளே போக வெட்கம், திரும்பிப் போக மனசில்லை. நிலைப்படியிலேயே நின்று காலால் தாளம் போடுவோம். டிக்கெட் எடுத்தவர்கள்கூட வேர்த்தால் அந்த வழியாக வெளியே வந்து காற்று வாங்கிவிட்டுப் போவார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும். பேத்தி பிறப்பதற்கு முந்தின வருஷம் மருமகன் எங்களை வேன் பிடித்துப் பாபநாசம் கூட்டிப்போனார். குளித்து முடித்து, புளியோதரை கொண்டுபோன அண்டா காலியானதும், அதைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார் பாருங்கள். முறைத்த மாமனாரே தோளைக் குலுக்கினார். ஒரு குரங்கு அப்பளப் பையை எடுத்துக்கொண்டு ஓடாமல் உட்கார்ந்து கேட்டது. என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பு இப்போதும் என் காதில் இருக்கிறது.

பேத்தி கைப்பிள்ளையாக இருக்கும்போது, டிக்கெட் எடுத்து வருகிறவர்கள் சடைக்க ஆரம்பித்தார்கள். ஒரு தெருவே ஓசியில் பின்வாசல் வழியாக வருகிறதே என்றார்கள். கொட்டகையைப் பார்த்துக்கொண்ட அண்ணாச்சி அந்த வாசலுக்கு வெளியே பூட்டுப் போட்டார். நல்ல மனுஷர். வீடு தேடி வந்து, ஆச்சி கோபித்துக்கொள்ளக் கூடாது, முன்வரிசையில் நாற்காலி போட்டுத் தருகிறேன் என்றார். எனக்கு ரோஷம். போகவில்லை.

பூட்டுப் போட்ட இரண்டாவது சனிக்கிழமை, விளக்கு ஒயரில் பொறி பறந்து சரிகைத் துணி பிடித்துக்கொண்டது. முன்வாசல் பக்கம்தான் முதலில் எரிந்தது. ஜனம் முழுக்கப் பின்வாசலுக்கு ஓடியது. அது திறந்தே கிடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். வாரா வாரம் நாங்கள் அதில் வந்துபோனதைப் பார்த்தவர்கள்தானே. என் மருமகனையும் அந்தக் கதவுக்கு உள்பக்கம்தான் எடுத்தார்கள்.

எங்களால்தான் பூட்டினார்கள். இதை ஊரில் யாரும் என் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. என் மகளும் சொன்னதில்லை. கொட்டகையைப் பற்றியே அவள் பேசுவதில்லை.

அதற்குப் பிறகு ஊர் வேறு ஊராகிவிட்டது. இழவு விழாத தெரு இல்லை. ஆற்றங்கரையில் ஒரே நாளில் அத்தனை குடும்பம் பதினாறாம் நாள் காரியத்துக்கு உட்கார்ந்திருந்ததை அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. பாளையங்கோட்டையில் சர்ச் மணி ஓயவில்லை. அந்த வருஷம் ஆனித் தேருக்குக்கூட கொட்டுச் சத்தம் பையத்தான் வந்தது. சினிமாவுக்குப் போனால் ஜனம் வாசலோரத்து இடத்துக்கு அடித்துக்கொண்டது. மண்டபத்தில் நுழைகிறவர்கள் மாப்பிள்ளை யார் என்று கேட்பதற்கு முன்னால் பின்வாசல் எங்கே என்று கேட்டார்கள். எனக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது. ஆனால் சுவரில் வெளியே போகும் வழி காட்டப் பச்சை விளக்கில் ஓடுகிற ஆளைக் கண்டால், அவன் எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று பார்த்துவிட்டுத்தான் உட்காருவேன்.

பைய அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. கல்யாணத்தில் முன்வாசலில் பன்னீர் தெளிக்க ஆள் நிற்கிற மாதிரி, பின்வாசலில் வீட்டு மூத்தவர் ஒருவர் உட்காருவார். கழற்றிய பூட்டு அவர் மடியில் இருக்கும். கடைசிப் பந்தி முடிகிற வரை எழுந்திருக்கக் கூடாது. சாப்பாடு அங்கேயே வரும். அது மரியாதைக்குரிய இடம். என்னை மட்டும் யாரும் அங்கே உட்காரக் கூப்பிட்டதில்லை.

எங்கள் வீட்டில் ரேடியோ பாடவில்லை. பேத்தி தட்டில் விரலால் தாளம் போட்டால், என் மகள் அந்தக் கையைப் பிடித்துக்கொள்வாள். அப்படி வளர்ந்த பிள்ளை, நிச்சயம் முடிந்ததும் வரவேற்பில் கொட்டு வைத்து ஆட வேண்டும் என்று கேட்டுவிட்டது. மூன்றாம் நாள் என் மகள் அரிசி களைந்துகொண்டே, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"ஆடட்டும். ஆனா பின்வாசல்ல நீதான் இருக்கணும். பூட்டு ஒன் மடியில இருக்கணும்மா."

இத்தனை வருஷத்தில் அந்த வாசலைப் பற்றி அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

மண்டபத்தில் பின்வாசல் சாப்பாட்டுக் கூடத்துக்குப் பின்னால் இருந்தது. அங்கே உட்கார்ந்தால் மேடை தெரியாது. கை கழுவுகிற இடமும் எச்சில் இலைத் தொட்டியும்தான் தெரியும். பூட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கொட்டு ஆரம்பித்தது. பேத்தி ஆடுவதைப் பார்க்க முடியவில்லையே என்று மனசு அடித்துக்கொண்டது. எழுந்து போகவும் முடியாது. காலை மட்டும் தரையில் தட்டிக்கொண்டிருந்தேன்.

சத்தம் கிட்டே கிட்டே வருகிற மாதிரி இருந்தது. பார்த்தால், பட்டுச்சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு பேத்தி பந்திக்கு நடுவே வருகிறாள். பின்னால் கொட்டுக்காரர்கள் வருகிறார்கள். சாம்பார் வாளிக்காரர் சுவரோரம் ஒதுங்கி நிற்கிறார். அவள் ஒரு கையில் தன் அம்மாவைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள்.

என் மகள் திறந்து கிடந்த கதவைப் பார்த்தாள். வெளியே இருந்த வேப்பமரத்தைப் பார்த்தாள். அப்புறம் என் மடிக்குக் கை நீட்டினாள்.

"குடு. நான் வச்சுக்கிடுதேன். நீ போயி ஆடு."

பூட்டை வாங்கிக்கொண்டு நாற்காலியில் அவள் உட்கார்ந்தாள். முதல் சுற்றில் என் முந்தானை மிளகாய் வத்தல் தட்டில் மாட்டிக்கொண்டது. இரண்டாம் சுற்றில் திரும்பிப் பார்த்தேன். என் மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"மூணாவது சுத்துலதான் ஏட்டி, சம்பந்தியம்மாவும் கையத் தூக்கிட்டு… இரு, குழாயில சத்தம் கேக்கா? தண்ணி வந்துட்டு. நாளைக்கு வராது. ஒன் வாளிய அங்கன வச்சிட்டு எங்க வீட்டுக் குடத்த எடு, ஓடு."